கண்ணாடிக் கூரையில் ரச ஆவி

பின்லாந்தின் வடகோடியில் குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே கும்மிருட்டு. கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட சின்ன வீடுகளை அங்கே வாடகைக்கு விடுகிறார்கள். படுத்தபடியே வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்க்கலாமாம். ஊரிலிருந்து ஒரு குருவும் சிஷ்யையும் அங்கே வந்து மூன்று நாளாகியும் மேகத்தைத் தவிர ஒன்றையும் காணோம்.

குரு தேனம்மைக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யை சௌந்தரவல்லிக்கு அறுபத்துநாலு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் குருவே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

டீச்சர் சும்மா இருப்பாரா? ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ரைஸ் குக்கரில் ரசம் வைத்தார். ஆவி போய்க் கூரையில் அப்பிக்கொண்டது. பார்க்க வந்த வானமே மறைந்துவிட்டது.

தேனம்மை ஒரு துண்டோடு கட்டில்மேல் ஏறி நின்று துடைக்க ஆரம்பித்தார்.

"விடுங்கம்மா. வெளியே ஒரே மேகம். துடைச்சு என்னத்தைப் பார்க்கப் போறோம்?"

"மேகத்துக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர். ரசம் நாம வச்சது."

டீச்சருக்குச் சுருக்கென்றது. உண்மையில் அவர் ஒளியைப் பார்க்க வந்தவர் இல்லை. ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில்தான் மகன் வயிரவன் வேலை பார்க்கிறான். ஆறு வருஷத்துக்கு முன் அவன் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, "இனி என் வாசலை மிதிக்காதே" என்று சொன்னவர் இவர். மறுநாள் காலை ஊருக்குத் திரும்ப விமானம்.

"நான் வந்திருக்கிறதை சொந்தக்காரங்க மூலமா அவன் காதுல போட்டாச்சு. கூப்பிடுவானாம்மா?"

தேனம்மை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு வருஷமா காத்திருக்கேன்." டீச்சர் குக்கரை மூடினார். "பெத்தவ நான். நானா முதல்ல கூப்பிடணும்?"

"மிதிக்காதேன்னு சொன்னது யாரு?"

டீச்சர் போனை எடுத்தார். அவன் எண் மனப்பாடம். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றுபோனது.

"எடுக்கலைம்மா."

"மணி அடிச்சுதுல்ல?"

"அடிச்சுது."

"அப்ப அம்மா கூப்பிட்டாங்கன்னு அவன் போன்ல இருக்கும்."

டீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி என்ன பண்றது?"

"காத்திருங்க."

"அதைத்தானே ஆறு வருஷமா பண்றேன்."

"இல்லை டீச்சர். இப்பதான் ஆரம்பிச்சிருக்கீங்க."