பூக்காத மரத்தின் மேல் வழக்கு

முன்னொரு காலத்திலே, கடலோரக் கடம்பநாட்டைத் திருமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுதான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். காலையில் கொடுத்த பதவியைச் சாயங்காலம் பிடுங்குவான். மறுநாள் மறந்துபோய்த் திரும்பக் கொடுப்பான்.

கடலுக்கு அப்பால் இருந்த பனித்தீவின் ராஜா, நட்புக்கு அடையாளமாக ஒரு கப்பல் நிறையப் பூமரக் கன்றுகளை அனுப்பினான். "இலையே தெரியாமல் பூக்குமாம்!" என்று திருமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. பதிலுக்கு நம் ஊர்க் கொன்றைக் கன்றுகளை அனுப்பிவைத்தான்.

கன்றுகள் இடுப்பு உயரம் வளர்ந்ததுமே ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பங்குனிப் பௌர்ணமியில் பூத்திருவிழா! பனித்தீவுத் தூதரும் வரட்டும்!" என்று முரசு அறைவித்துவிட்டான். பௌர்ணமி வந்தது. தூதரின் கப்பலும் வந்தது. மரத்தில் ஒரு மொட்டுகூட வரவில்லை.

"என் ஆணையை மீறிவிட்டனவா?" என்று ராஜா குதித்தான்.

இந்த நட்பை ஏற்படுத்தியவர் அமைச்சர் ஏகாம்பரம். அவரைக் கண்டாலே அரசவைப் புலவர் சங்கரநம்பிக்கு ஆகாது. "மலட்டு மரத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள், மகாராஜா! வெட்டி அடுப்பில் வையுங்கள். படையைக் கிளப்புங்கள். அமைச்சரை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று நன்றாக ஊதிவிட்டார்.

"கொண்டு வா கோடரியை!" என்று கத்திய ராஜா, அது வந்ததும் தன் கையிலேயே வாங்கிக்கொண்டான்.

ஏகாம்பரம் எழுந்தார். "தாராளமாக வெட்டலாம், மகாராஜா. ஆனால் கோழி திருடினவனைக்கூட நாம் விசாரிக்காமல் தண்டிப்பதில்லையே? மரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். உடனே தோட்டத்திலேயே சபை கூடியது. தூதர் கீமோவும் வந்து உட்கார்ந்தார்.

"குற்றவாளிக்கு நம் பாஷை தெரியாது. பதினெட்டு பாஷை தெரிந்த நம் புலவரே விசாரிக்கட்டும்" என்றார் ஏகாம்பரம்.

பனித்தீவு பாஷையில் சங்கரநம்பிக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இதுவரை அடித்த பெருமையை இப்போது விழுங்க முடியுமா? குனிந்து ஒரு கன்றின் கிளையில் காதை வைத்தார். "பூக்க மாட்டேன் என்கிறது. மகாராஜாவை மரியாதையில்லாமல் பேசவும் செய்கிறது!"

"தூதரே, உங்கள் ஊர் மரம். நீங்களும் கேளுங்கள்" என்றார் ஏகாம்பரம்.

கீமோ எழுந்து கைகூப்பினார். "ராஜா, மரம் ஒன்றும் பேசவில்லை. என் ராஜாதான் பேசச் சொன்னார். நீங்கள் கொடுத்த கொன்றைக்காகத் திருவிழாவுக்கு நாள் குறித்தார். அன்று அது பூக்கவில்லை. 'கடம்பநாட்டான் ஏமாற்றிவிட்டான், நட்பு முறிந்தது' என்று சொல்லிவரச் சொன்னார்."

திருமாறன் துள்ளி எழுந்தான். "என்ன மடத்தனம்! நேற்று நட்ட கன்று இன்று பூக்குமா? மரத்துக்கு யாராவது நாள் குறித்து ஆணை போடுவார்களா? புத்தி உள்ள ராஜா செய்கிற வேலையா இது?"

சபையில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராஜா தன் கையில் இருந்த கோடரியைப் பார்த்தான்.

"ஏகாம்பரம்... இது உம்முடைய வேலைதானே?"

"காலையில் துறைமுகத்தில் தூதரைப் பார்த்தேன், மகாராஜா. அவர் கலங்கிப்போயிருந்தார். தங்கள் தீர்ப்பைக் கேட்டால் தெளிவு பிறக்கும் என்றேன்."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "கீமோ, உங்கள் ராஜாவிடம் சொல்லும்: நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான். அதனால் நட்பு நீடிக்கும். புலவரே, அந்த மரம் பூக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது இனி உம்முடைய பொறுப்பு!"

அன்று பூ இல்லாமலே திருவிழா நடந்தது. பனித்தீவு மாலுமிகள் ஆட, நம் ஊர்ப் பெண்கள் கும்மியடிக்க, விடியும்வரை யாருக்கும் பூ ஞாபகமே வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் சங்கரநம்பி குடத்தைப் போட்டுவிட்டுத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்: "பூத்துடுச்சு! என் மரம் பூத்துடுச்சு!" எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ராஜா அப்படியே ஓடிவந்து மரத்தடியில் நின்றான். காற்று அடித்தது. உதிர்ந்த இதழெல்லாம் அவன் எண்ணெய்த் தலையில் அப்பிக்கொண்டது. சிரிக்க யாருக்கும் துணிவில்லை. ராஜா தலையைத் தடவிப் பார்த்தான். அவனே முதலில் சிரித்தான். அப்புறம் ஊர் முழுக்கச் சிரித்தது.