இரண்டு சின்ன போல்ட்

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுக்கு முந்நூறு அடி முன்னால் சலேத் மேரியின் பட்டறை. மலையேறும் உயரமான பைக்குகளுக்கு, விழுந்தால் அடி தாங்கும் இரும்புக் கார்டு அங்கே செய்து மாட்டுவார்கள். இன்ஜினுக்கு ஒன்று, கைப்பிடிக்கு இரண்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு தகடு.

சலேத் மேரிக்கு வயது முப்பத்தொன்பது. அவளிடம் தொழில் கற்க வந்த அர்த்தநாரிக்கு ஐம்பத்து நான்கு. முப்பத்தோரு வருஷம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியவர். மகன் ரூபேஷ் மலை வண்டி வாங்கியதும், அதற்குக் கார்டு தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று வந்து சேர்ந்தார்.

"சிஷ்யனுக்கு நரைச்சுப்போச்சு, குருவுக்கு இன்னும் நரைக்கல" என்று வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

ரூபேஷ் இறந்து நாற்பத்தேழாம் நாள், மத்தியானம் கழித்து, அவர் மறுபடியும் பட்டறைக்கு வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்த வண்டி மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உட்காரவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க மேஸ்திரி. கேட்டுட்டு ஊருக்குப் போயிடறேன். இனி ஸ்பேனரைத் தொடறதா இல்ல."

"கேளுங்கண்ணே."

"வண்டிக்குக் கார்டு மாட்டறதுல ஏதாச்சும் பிரயோசனம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

அவள் போய்த் தார்ப்பாயை உருவினாள்.

டேங்கில் ஒரு கீறல் இல்லை. விளக்கு உடையவில்லை. விபத்து நடந்த அன்றைக்கு வண்டி தடுப்புச் சுவரில் கார்டை ஊன்றிக்கொண்டு சாய்ந்து நின்றது. ரூபேஷ்தான் சுவருக்கு அப்பால் போய் விழுந்தான்.

"பாருங்க" என்றார் அர்த்தநாரி. "இதைக் காப்பாத்தறதுக்கா ராவும் பகலும் உக்காந்து செஞ்சேன்?"

அவள் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினாள்.

"கழட்டுங்க. இன்ஜின் கார்டுல இருந்து ஆரம்பிங்க."

அவர் வாங்கிக்கொண்டு குந்தினார். மேலே நான்கு போல்ட். நான்கும் பதின்மூன்றுக்கு வந்தன. கீழே இரண்டு. அந்த இடத்துக்கு வந்ததும் பதின்மூன்றைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பதினேழை எடுத்தார்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுக்கும் எட்டு எம்எம் போல்ட்டுதானே குடுத்தேன். ஆறும் பதிமூணுக்குத்தானே வரணும்?"

"கீழ ரெண்டும் நோஞ்சானா இருந்துச்சுங்க. துளையைப் பெருசு பண்ணி லாரி போல்ட் போட்டேன். யானை இழுத்தாலும் அறாது."

"எட்டு அறுந்துபோகும்."

"அதுக்குத்தாங்க மாத்தினேன்."

"அறுந்துபோறதுக்குத்தான் அண்ணே அதை வெச்சது."

அவருக்குப் பிடிபடவில்லை. "அடித்தகட்டையும் கழட்டுங்க" என்றாள்.

தகடு கைக்கு வந்தது. அதன் குழிவில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய், புழுதியோடு சேர்ந்து கூழாகக் கிடந்தது. அவள் டார்ச்சை அடித்தாள். பெரிய போல்ட் உட்கார்ந்திருந்த இடத்தில், இன்ஜினின் காதில், தீக்குச்சி நீளத்துக்கு ஒரு விரிசல். மயிரிழைதான்.

அன்றைக்கு ரூபேஷ் மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு முறை விழுந்தான். முதல் முறை அறுபத்தோராவது வளைவில், நடக்கிற வேகத்தில். உடனே எழுந்து அப்பாவுக்குப் போன் செய்தான். பட்டறையில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அர்த்தநாரி ஸ்பீக்கரில் போட்டார். 'விழுந்துட்டேம்ப்பா. பயப்படாதீங்க. எனக்கும் ஒண்ணுமில்ல, வண்டிக்கும் ஒண்ணுமில்ல. உங்க கார்டு காப்பாத்திடுச்சு.'

இரண்டாவது முறை ஐம்பத்திரண்டாவது வளைவில். பின்சக்கரம் வழுக்கியது. வேகமாக வந்தான் என்று போலீஸில் எழுதினார்கள்.

அர்த்தநாரி விரிசலைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். சின்ன போல்ட் அறுந்திருந்தால் அடி அதோடு போயிருக்கும். பெரியது அறவில்லை, அடி இன்ஜினுக்குப் போயிருக்கிறது. கசிந்த எண்ணெயைத் தகடு ஏந்திக்கொண்டது. ரூபேஷ் குனிந்து பார்த்திருந்தால்கூடத் தரையில் ஒரு சொட்டு இருந்திருக்காது. வளைவில் வண்டி சாயச் சாய எண்ணெய் வழிந்து பின்டயருக்குப் போனது. ஒன்பது வளைவு.

விரல்விட்டு எண்ணினார். ஒன்பதுதான்.

தகட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வேட்டியில் இறங்கியது.

"நாந்தானுங்களா?"

"ஏன் சின்ன போல்ட்டுன்னு நீங்க கேக்கல" என்றாள் அவள். "நான் சொல்லல. நீங்க மாட்டினதை நான் குனிஞ்சும் பாக்கல. எங்கப்பாவும் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்ல. பாத்துக் கத்துக்கிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

அவர் அழவில்லை. தகட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேற எத்தனை வண்டிக்கு இப்படிப் போட்டீங்க?"

"ஆறு."

"போனை எடுங்கண்ணே."

ஐந்து பேர் எடுத்தார்கள். ஐந்து பேரும் வண்டியைத் தொடுவதில்லை என்றார்கள். ஆறாவது, பூவரசன். மலைமேல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் நாலரைக்குக் கீழே இறங்குகிறவர். மணி நாலு இருபத்திரண்டு.

"வாத்தியாருங்களா? நான் பட்டறை அர்த்தநாரி. இன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க. கார்டுல போல்ட் மாத்தணும். பஸ்ஸுல வாங்க."

"என்னண்ணே, தமாஷா?" பூவரசன் சிரித்தார். "மலையே சரிஞ்சாலும் உங்க கார்டு நிக்கும். இன்னைக்குக் காலையிலகூட ஏறும்போது அறுபத்தஞ்சுல சாஞ்சுட்டேன். ஒரு கோடு விழல. கார்டு இல்லேன்னா இன்னைக்கு நான் பஸ்ஸுலதான் வந்திருக்கணும்."

"இல்லீங்க, அடியில..."

"அடியிலயும் பாத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. நீங்க பயப்படாதீங்க. கீழ வந்து டீ சாப்பிடலாம்."

ஹெல்மெட்டின் வார் பூட்டுகிற சத்தம் கேட்டது.

அர்த்தநாரி போனை உள்ளங்கையால் பொத்தினார்.

"நம்ப மாட்டேங்கறாருங்க மேஸ்திரி. எதைச் சொல்லி நிறுத்தறது?"

சலேத் மேரி அவர் மடியிலிருந்த தகட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உங்க பையனும் இதையேதான் சொன்னான்னு சொல்லுங்க."