பழைய மில்லை ஏன் விட்டீங்க?

"பொய் பேசாதேன்னு நீங்கதானுங்க சாமி சொன்னீங்க? பேசலை. வேலை போச்சு."

ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின்மேல் இருக்கிற மடத்துக்குள் செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு வந்து இப்படிக் கத்தியவன் சின்னராசு. நூல் மில் சூப்பர்வைசர். மில்லை விட்டபின் வீட்டில்தான் இருக்கிறான்.

மடத்துக் குரு குப்பாண்டி சாமிக்கு இவனைவிட வயசு குறைவு. கோபம் மட்டும் கூட. அன்றைக்கு ஏனோ பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூவுக்குப் போனானாம். சட்டைக்கு இஸ்திரி போட்டு, நேரத்துக்கு முன்னாலேயே போய், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தானாம். மெஷினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில். கேட்டவர்களுக்கும் முகம் மலர்ந்திருக்கிறது.

கடைசியில், பழைய மில்லை ஏன் விட்டீங்க என்று கேட்டார்கள்.

இவன் கொட்டிவிட்டான். மேனேஜர் ஒரு தண்டம். முதலாளி ஒரு கோழை. அவர் மகன் குடித்துவிட்டு வீட்டில் ரகளை பண்ணுவதையும் சொன்னான். ஒருநாள் முதலாளி இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் சொன்னான்.

"உடனே, போய்ட்டு வாங்கன்னுட்டானுங்க. உண்மையைச் சொன்னவனுக்கு எங்கயும் எடமில்லை. நாளைக்கு இன்னொரு மில்லு கூப்பிட்டிருக்குது. அதுவும் போச்சுன்னா மாமனார் தோட்டத்துல போய் மாட்டைப் பார்க்க வேண்டியதுதான்."

மாமனார் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்கிற மாப்பிள்ளையின் பாட்டை நான் வேறு சொல்லணுமா? ஒவ்வொரு வாயும் தொண்டையில் சிக்கும்.

சாமி எழுந்தார். தம்முடைய மணையைக் காட்டி, "இதுல உக்காரு" என்றார்.

சின்னராசு மிரண்டுபோனான். குரு உட்காரும் மணையில் சீடன் உட்காருகிற வழக்கம் எந்த மடத்தில் உண்டு? சாமி ஒரு அதட்டல் போட்டார். உட்கார்ந்துவிட்டான்.

சாமி வெளியே போனார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, கைகட்டி நின்றார்.

"வேலை கேட்டு வந்திருக்கறனுங்க மொதலாளி."

சின்னராசுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. மனுசன் வயிறு எரிந்து வந்து நின்றால் இந்த ஆள் கூத்தா கட்டுகிறார்? ஆனாலும் சாமியின் முறைப்புக்குப் பயந்து, முன்னே என்ன வேலை என்று கேட்டான். ஒரு மடத்தில் சாமியாராக இருந்தேன் என்றார். அதை ஏன் விட்டீங்க என்றான்.

"சீடனுக சரியில்லீங்க. சின்னராசுன்னு ஒருத்தன். தியானம்னு கண்ணை மூடுனா கொறட்டை."

"சாமி, இதென்னங்க..."

"வாய்க்கொழுப்பு வேற. அதுகூடப் போகட்டுமுங்க. அவங்கப்பன் படுக்கையில கெடந்தப்போ, சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவலைன்னு நெனைச்சவன் அவன். இதே எடத்துல தரையில தலையை மோதி அழுதான். அவன் பொண்டாட்டிக்கே தெரியாதுங்க. இன்னுங் கேளுங்க, அப்பன் செத்த அன்னைக்கு..."

சின்னராசு மணையை எட்டித் தள்ளிவிட்டு எழுந்தான். குரு என்றும் பார்க்கவில்லை, சாமி என்றும் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க. அது உங்களை நம்பிச் சொன்னது."

சாமி கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"ஒரு சொல்லுகூடப் பொய்யில்லீங்க மொதலாளி. வேலை உண்டுங்களா?"