துவைக்கிற கல் புழக்கடைக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, வாழைக்கும் வாய் இருந்தது. வீட்டில் அடுப்புக்கு இடம் உண்டு, மாட்டுக்கு இடம் உண்டு. துணி துவைக்க மட்டும் இடம் கிடையாது. எல்லாரும் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்குத்தான் போவார்கள்.

குமராயியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை. ஒரு நாள் அவள் குனிந்து புடவையை அலசிக்கொண்டிருந்தபோது, கரையில் விட்டிருந்த பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து தண்ணீரில் இறங்கிவிட்டது.

“அம்மிணி! புள்ளை! புள்ளையப் பாரு!”

கத்தியது அவள் துணி துவைக்கும் கருங்கல். குமராயி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை இருமி, தண்ணீரைக் கக்கி, வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

“இனிமே இந்த ஆத்துப் பக்கமே வரமாட்டேன்!” என்றாள்.

“அப்ப என்னையும் உன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு” என்றது கல்.

ஊரில் யாரும் செய்யாத காரியம். அவள் கணவன் செங்கோடன் கேட்டதும் துள்ளிக் குதித்து வண்டியைப் பூட்டினான். கல் வண்டியில் ஏறி வருவதைப் பார்க்கத் தெருவே திரண்டுவிட்டது.

“வாசல்லயே போட்ருவோம். எல்லாரும் பாக்கட்டும்!” என்றான் செங்கோடன்.

கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றித் துவைத்ததில், பொழுது சாய்வதற்குள் வாசல் சேறாகிவிட்டது. பிள்ளையைப் பார்க்க ஆசையாக வந்த நாத்தனார் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாள். சரி என்று கல்லை மாட்டுக் கொட்டகைக்கு உருட்டினார்கள். அங்கே கன்றுக்குட்டி செங்கோடனின் வேட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. “ஈரத்துல நின்னு நின்னு என் குளம்பு புண்ணாப் போச்சு. இதை எடுத்துட்டுப் போங்க!” என்று பசு ஒரு பக்கம் கத்தியது.

குமராயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஆற்றுக்கே போக வேண்டியதுதானா?

அப்போது சமையல்கட்டுக்குப் பின்னால், புழக்கடையிலிருந்து ஈனமான குரல் வந்தது. வாடிக் கிடந்த ஒரு வாழைக்கன்று. “அம்மிணி, அந்தத் தண்ணியை எம்பக்கமாத் திருப்பி விடேன். நாக்கு வறண்டு போச்சு.”

குமராயி எழுந்து போய்ப் பார்த்தாள். நிலம் சரிவாக இருந்தது, தண்ணீர் தேங்காது. வெயில் நன்றாக விழுந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து துவைக்கலாம்; பிள்ளை தொட்டிலில் அழுதால் காதில் விழும்.

“ஏனுங்க, இங்கதானுங்க!” என்று அவள் கூவிய கூவலில் செங்கோடன் ஓடிவந்தான். கல்லை அங்கே போட்டார்கள். பக்கத்தில் துணி ஊறவைக்க ஒரு தொட்டியும் கட்டினார்கள். அலசிய தண்ணீரைக் குடித்துக் குடித்து வாழை தளதளவென்று கூரைக்கு மேல் வளர்ந்தது.

ஆடி மாதம் வந்தது. காற்று பேயாய் அடித்தது. ஒரு முற்பகலில் குமராயி போர்வைகளைத் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து பறந்த பொறி ஒன்று ஓலைக்கூரையில் போய் உட்கார்ந்தது.

“தீ! தீ!” என்று அலறியது கல்.

சமையல்கட்டின் கூரை பிடித்துக்கொண்டது. உள்ளே தொட்டிலில் பிள்ளை! குமராயி ஊறிய போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு புகைக்குள் பாய்ந்தாள். கண் தெரியவில்லை. அழுகுரலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பிள்ளையை அள்ளி, போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கொட்டகையிலிருந்து ஓடிவந்த செங்கோடன், தொட்டியிலிருந்த ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கூரைமேல் வீசினான். கூரைத் தீ சுர்ரென்று அவிந்து புகை எழும்பியது.

ஆனால் காற்று விடவில்லை. பொறிகளை வாரிக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் பறந்தது. போர் பிடித்தால் தெருவே சாம்பல்தான்.

“எம்மேல விழட்டும்!” என்றது வாழை. தன் அகன்ற இலைகளையெல்லாம் குறுக்கே விரித்துக்கொண்டு நின்றது. பொறிகள் இலைகளில் விழுந்து விழுந்து அவிந்தன. காற்று ஆத்திரத்தோடு இலைகளை நார்நாராகக் கிழித்தது. வாழை அசையவில்லை. கடைசிப் பொறியும் அணைந்த பிறகுதான் அது மூச்சு விட்டது.

குமராயி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பிள்ளை கிழிந்த இலையைப் பிடித்து இழுத்து விளையாடியது.

மறுநாள் விடிந்ததும் ஊரில் ஒரு வண்டிகூட வீட்டில் இல்லை. எல்லாம் ஆற்றங்கரையில். “என்னைத் தூக்கு! என்னைத் தூக்கு!” என்று கற்களெல்லாம் கூச்சல் போட்டன. கல்லோடு வீடு திரும்பிய பெண்கள் குமராயியிடம் வந்து ஆளுக்கொரு வாழைக்கன்றும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

வீடு கட்டுகிறவர்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்கு இடம் விட்டு, தண்ணீர் ஓடும் வழியில் வாழை வைப்பது அன்று தொடங்கியதுதான். காற்றடித்தால் வாழை இலை நார்நாராகக் கிழிவதும் அன்று முதல்தான்.