புது மண்டபத்தின் பதில்

வெள்ளாற்றூர் அரசர் கோடைமாறருக்குத் திடீரென்று ஓர் ஆசை. உலகத்தில் எங்குமே இல்லாத புதுமாதிரி இசை மண்டபம் ஒன்று கட்ட வேண்டும்! கடல் கடந்து கட்டடக்கலை பயின்று வந்த விசித்திரசேனரிடம் வேலையை ஒப்படைத்தார்.

அந்த மனிதருக்குப் பழையது எதுவுமே ஆகாது. "தூணா? பழையது. சிற்பமா? பழையது. சுவர் நேராக நிற்பதா? சே, அதைவிடப் பழையது ஏதாவது உண்டா?"

ஒருவழியாக வேலை முடிந்தது. மொட்டைச் சுவர்கள் குடித்தவனைப் போல் சாய்ந்து நின்றன. மேலே கவிழ்த்த தொட்டி மாதிரி ஒரு கூரை. அவையில் குறும்புக்குப் பேர்போன குழைக்காதர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் ஐயா! எப்போது கட்டி முடிப்பீர்கள்?"

"கட்டி முடித்தாயிற்றே!"

"அப்படியா? மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு சாரத்தை மட்டும் விட்டுப் போய்விட்டார்களோ என்று நினைத்தேன்."

விசித்திரசேனர் பல்லைக் கடித்தார்.

திறப்பு விழா வந்தது. அரசவைப் பாடகி மரகதவல்லி பாட உட்கார்ந்தாள். ஒரு சுரம் எழுப்பினாள். அது போய் எதிர்ச்சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் விழுந்தது. சந்தை இரைச்சல்தான் மிஞ்சியது. அரசர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எதிரொலி தாங்கவில்லை, அரசே" என்றாள் மரகதவல்லி.

"எதிரொலியா? என் மண்டபத்திலா?" விசித்திரசேனர் துள்ளினார். "கிடையவே கிடையாது! இந்த அம்மையார்தான் ஒரே சுரத்தை நான்கு முறை பாடுகிறார்."

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. "மரகதவல்லி! நாளை முதல் உனக்கு இந்த ஊரில் இடமில்லை."

அவள் தம்புராவை அணைத்துக்கொண்டு கண்கலங்கினாள். குழைக்காதருக்கு நெஞ்சு கொதித்தது.

விசித்திரசேனர் விடவில்லை. "அரசே, என் கலையைக் கேலி செய்த குழைக்காதரும் இந்த மேடையில் நின்று என்னைப் புகழ வேண்டும். இல்லையென்றால் அவரும் பாடகியோடு கிளம்பட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

குழைக்காதர் முகம் மலர மேடையேறினார். கைகளை விரித்தார். அடிவயிற்றிலிருந்து முழங்கினார்.

"விசித்திரசேனர் ஒரு வித்தகர்!"

சுவர்கள் திருப்பி முழங்கின: "தகர்! தகர்! தகர்!"

அரசர் ஆசனத்தை விட்டு எழுந்தார். "யார் அது, தகர்க்கச் சொல்வது?"

"நான் வித்தகர் என்றுதான் சொன்னேன், அரசே. தகர்க்கச் சொன்னது மண்டபம். தன்னைக் கட்டியவரைப் பற்றி அதற்கு வேறு அபிப்பிராயம் இருக்கும் போலிருக்கிறது."

"மண்டபமாவது பேசுவதாவது!" விசித்திரசேனர் அலறினார். "அரசே, நம்பாதீர்கள்! அது வெறும் எதிரொலி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அரசர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓகோ, எதிரொலிதானா? மரகதவல்லி, நீ இருந்து பாடு அம்மா. கிளம்ப வேண்டியவர் வேறொருவர்."

விசித்திரசேனர் சாய்ந்த சுவரில் தலையை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"சரி, குழைக்காதரே, மண்டபம் கேட்டபடி இதை இடித்துவிடலாமா?"

"வேண்டாம் அரசே. தங்களைப் புகழ்ந்து பாடும் புலவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒருவர் புகழ்ந்தால் நான்கு பேர் புகழ்ந்த மாதிரி இருக்கும். மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போய் ஏதாவது உருப்படியான வேலை பார்க்கட்டும்!"