ஈர மணல்

மலையடிவாரக் காடு ஒன்றில் யானைக் கூட்டம் ஒன்று இருந்தது. பெருஞ்செவி அதன் தலைவி. அந்த வருஷம் மழை பொய்த்தது; காட்டாறு வெறும் மணலாகக் கிடந்தது.

தலைவியின் தங்கை கோரைக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அக்கா தினமும் விடியுமுன் தனியே போகிறாள். திரும்பும்போது சில நாள் முன்னங்கால்களில் ஈர மணல் ஒட்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் தண்ணீர் இருக்க வேண்டும். அப்படியானால் ஏன் சொல்லவில்லை?

கோரை அதைத் தும்பையிடம் சொன்னாள். தும்பைக்குப் பால்குடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. "நம்ம நாக்கு வறளுது, அவ மட்டும் குடிச்சிட்டு வராளா?" என்றாள். சந்தேகம் கூட்டம் முழுக்கப் பரவியது. தலைவி திரும்பி வந்து குரல் கொடுத்துக் கூட்டத்தைக் கிளப்பினால் பலர் தயங்கித் தயங்கியே நடந்தார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று மறுநாள் கோரை பின்தொடர்ந்தாள். பெருஞ்செவி ஆற்று மணலை ஓரிடத்தில் தோண்டினாள். காய்ந்த மணல்தான். இன்னோரிடம், அங்கேயும் அப்படியே. அப்புறம் ஒரு பாறையடியில் மெல்லத் தண்ணீர் கசிந்தது. இதோ குடிக்கப் போகிறாள் என்று கோரை மூச்சைப் பிடித்து நின்றாள். பெருஞ்செவி துதிக்கையால் மோந்து பார்த்துவிட்டு விலகிவிட்டாள்.

கோரை புதரைவிட்டு வெளியே வந்தாள். "ஏன்க்கா குடிக்கல?"

"ஊறட்டும். குட்டிங்களுக்கு வேணும்."

"முன்னாடியும் கால்ல ஈரம் இருந்துச்சே?"

"அதெல்லாம் வெறும் ஈரம். தண்ணி வரல. அதைச் சொல்லியிருந்தா யாரு நம்பிக்கையா நடந்திருப்பீங்க?"

கோரை விடவில்லை. "போன வருஷம் ஆறு கரைபுரண்டு ஓடுச்சு. அப்பவும் காலையில காணாமப் போனியே?"

"அப்பவும் மணல் எங்க நகருது, ஆறு வத்தினா எங்க தண்ணி தங்கும்னு கால் வச்சுப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தாகம் வந்தப்புறம் கத்துக்க முடியுமா?"

பிறகு பெருஞ்செவி கேட்டாள்: "தும்பை எங்க? குட்டியோட வரச் சொல்லு."

கோரைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஊர்ப்பக்கத்துக் குளத்துக்குப் போவதாக நேற்றே தும்பை சொல்லியிருந்தாள். அந்த வழியில் மின்வேலி.

ஓடினாள். வேலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தாயும் குட்டியும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வா தும்பை. அக்கா தண்ணி கண்டுபிடிச்சிருக்கா."

தும்பை நின்றாள். "அவளைச் சந்தேகப்பட வச்சதே நீதானே? இப்ப உன்னை எதை வச்சு நம்பறது?"

தும்பை மறுபடி வேலியை நோக்கித் திரும்பினாள்.

அப்போது ஆற்றுப்பக்கமிருந்து பெருஞ்செவி குரல் கொடுத்தாள். அதட்டவில்லை, வழக்கமாகக் கூட்டத்தைக் கிளப்பும் அதே தாழ்ந்த குரல்.

பெரியவர்கள் இருவரும் யோசித்துக்கொண்டு நின்றார்கள். குட்டி நிற்கவில்லை. பிறந்த நாள் முதல் தினமும் காலையில் தவறாமல் கேட்ட குரலை நோக்கி அது ஓடத் தொடங்கிவிட்டது.