தவிட்டுக்குருவி எண்ணுவதை விட்ட கதை

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, தவிட்டுக்குருவிகள் மட்டும் ஒன்றையொன்று கூப்பிட வாய் திறக்காத கூட்டமாக இருந்தன. யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். தலைவன் ஒன்று, அதன் தங்கை இரண்டு, அந்தத் தங்கைக்குக் கடைசியாகப் பிறந்த குஞ்சு ஏழு.

தலைவனுக்குத் தன் கணக்கின்மேல் அப்படி ஒரு கர்வம். தினமும் மாலையில் கருவேல மரத்தில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எண்ணும். "இந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழு, அந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழு. மூணோட நாலைச் சேர்த்தாலும் நாலோட மூணைச் சேர்த்தாலும் ஏழு. ஒண்ணு போய் ஒண்ணு வந்தா அப்பவும் ஏழுதான்" என்று பாடம் நடத்தும். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. பக்கத்துக் கிளையில் இருந்த அக்காக்குயில் மட்டும் அலுக்காமல் கேட்டது. தன் பிள்ளையை வளர்க்கச் சோம்பல்பட்ட பறவை அது.

ஒருநாள் எல்லாம் இரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் குயில் ஏழாம் எண் குஞ்சை முள்புதருக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் குஞ்சை விட்டுப் போனது.

மாலையில் தங்கை பதறியது. "அண்ணே, எம்பிள்ளையக் காணோம். கடைசியில உக்காந்திருக்கிறது நம்ம பிள்ளை இல்ல."

தலைவன் எண்ணியது. "ஏழு இருக்கே."

"இது வேற பிள்ளைண்ணே. இருட்டுறதுக்குள்ள எல்லாரும் வந்து தேடுங்க."

தலைவன் மறுபக்கமிருந்தும் எண்ணிப் பார்த்தது. "ரெண்டு பக்கமும் சரியா வருது. கணக்கு தப்பாது தங்கச்சி. உனக்குத்தான் மனசு சரியில்ல. தூங்கு."

மற்றவையும் கணக்கைத்தான் நம்பின. தங்கை தனியாகப் பறந்து, புதர் புதராக "ஏழு, ஏழு" என்று கூப்பிட்டது. வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அதற்குத் தெரியாது. மரத்திலிருந்த குயில்குஞ்சுதான் பதில் சொன்னது. முள்ளில் சிக்கிய குஞ்சுக்குச் சத்தம் போட யாரும் சொல்லித்தந்ததில்லை.

விடிந்தபோது குஞ்சு கிடைத்தது. எறும்பு மொய்த்துக் கிடந்தது. தலைவன் வந்து பார்த்தது. பழக்கதோஷத்தில் சுற்றி நின்றவர்களை எண்ணியது. ஏழு.

"இனிமே எண்ணாதண்ணே" என்றது தங்கை. "உன் கணக்குல எம்பிள்ளை இன்னும் சாகவே இல்ல."

அப்போது கூட்டத்தோடு வந்து நின்ற குயில்குஞ்சு பசியில் வாயைப் பிளந்தது. தங்கை அதை வெறுப்போடு பார்த்தது. பிறகு ஒரு புழுவைக் கொத்திவந்து ஊட்டியது.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் தரையில் இறங்கினால் வாய் மூடுவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பதில் வரும்வரை கத்திக்கொண்டே இருக்கின்றன. அக்காக்குயில் இன்றும் தன் குஞ்சை அவற்றிடம்தான் விட்டுப்போகிறது. அவையும் ஊட்டத்தான் செய்கின்றன. எண்ணுவது மட்டும் இல்லை.